பொருத்தனைக் கிடா

உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். இனி ஆண்டவரே இறங்கி வந்து போதும் என்று சொன்னாலும் அந்த மனுஷன் ஆமென் சொல்லமாட்டார், அது ஊருக்கே தெரிந்த கதை. கல்யாண வீட்டில் அவர் ஜெபம் பண்ணி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போகும். கல்லறைத் தோட்டத்தில் என்றால் குழி வெட்டினவன் மண்வெட்டியில் சாய்ந்தபடி தூங்கிவிடுவான். "எங்கள் பரம தகப்பனே, இந்த நல்ல காலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று அவர் இழுத்தபோது, ஆலயத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கூடியிருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரதிஷ்டைப் பண்டிகை அசனம், ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்கள். விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடாலியைக் கீழே வைத்தான். மாசிலாமணி மட்டும் கண்ணை மூடவில்லை. நரைத்துக் கிழடாகிற வரைக்கும் எத்தனை ஜெபம் கேட்டிருக்கிறார், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பது இதுதான் முதல் தடவை. வலது கையில் சூரிக்கத்தி. இடது கை கிடாயின் தாடையை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. கிடா மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது. அதன் கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவருக்கு நேர் எதிரே, முட்டியோடு முட்டி இடிக்கிற நெருக்கத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ஜெபசிங். அவர் மகனை வெட்டிக் கொன்றவன்.

கழுத்து. என்ன கழுத்து இது. பண்டிகைக்கென்று நேற்றுத்தான் முடி வெட்டியிருக்கிறான் படுபாவி, பிடரியில் சவரக்கத்தி பட்ட இடம் வெளுத்துத் தெரிகிறது, பவுடர் வேறு அப்பியிருக்கிறான், அது வியர்வையில் திட்டுத் திட்டாகக் கரைந்து சட்டைக் காலருக்குள் இறங்குகிறது. காதுக்குக் கீழே, தாடை எலும்பு முடிகிற இடத்தில், தோலுக்கு அடியில் ஒன்று துடிக்கிறது. ஆட்டுக்கும் அங்கேதான். விரலை வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, இத்தனை வருஷம் அறுத்த கைக்கு அது தானாகத் தெரியும். கிடாயின் தாடையிலிருந்து அவன் தாடைக்கு ஒரு முழம் இருக்குமா? கையைத் திருப்பினால் போதும். எழுந்திருக்க வேண்டாம், ஓங்க வேண்டாம், ஓங்கி வெட்டுவதெல்லாம் அவன் வேலை. இது ஒரே இழுப்பு. சத்தம்கூட வராது, குரல்வளை அறுந்தால் எங்கேயிருந்து சத்தம் வரும், காற்றுதான் வரும், புஸ்ஸென்று. உபதேசியார் ஜெபத்தை முடித்துக் கண்ணைத் திறக்கும்போது ஆடு எழுந்து ஓடும், பிடித்தவன் கிடப்பான். இதை நினைத்ததும் மாசிலாமணிக்கு வாயில் எச்சில் ஊறியது. சீ, என்ன இது, பசி எடுத்த மாதிரி. காலையில் பெண்சாதி அன்னக்கனி கொண்டுவந்து வைத்த நீச்சத்தண்ணியைக்கூட அவர் தொடவில்லை. அவள் கத்தி தீட்டுகிற கல்லுக்கு எதிரே நின்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கத்தி ஆட்டுக்குத்தான?" என்றாள். "பின்ன எதுக்கு?" என்றார் இவர். "இல்ல, ஆட்டுக்கு இம்புட்டுத் தீட்ட மாட்டியள" என்று சொல்லிவிட்டு, சொம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். தெரிந்துகொண்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் கூடக் கிடந்தவளுக்குத் தெரியாதா?

"நோயாளிகளை உம் கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் தகப்பனே." உபதேசியார் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டார், வார்டு வார்டாகச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வருவார். பாவம், நல்ல மனுஷன். போன வாரம் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணாச்சி, இந்த வருசம் நீங்க அறுக்க வேண்டாம், டவுன்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வாரோம். ஜெபசிங்கும் ஒரு கிடா பொருத்தனை பண்ணிருக்கான், பாத்துக்கிடுங்க" என்று மென்று முழுங்கினார். ஊர் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவமான காலத்திலிருந்து அசனத்துக்குக் கத்தி பிடிப்பது மாசிலாமணி வீட்டு ஆண்கள்தான். பக்கத்து ஊர்க் கோயில் கொடையில் ஆட்டை நிற்கவைத்து வெட்டுவார்கள், நம்ம ஆட்கள் படுக்கவைத்து அறுக்க வேண்டும், ரத்தத்தைச் சட்டியில் பிடிக்காமல் மண்ணுக்கு விட வேண்டும், அது வேறு இது வேறு என்று காட்டுவதற்காகப் பூட்டன் காலத்தில் எவரோ ஏற்படுத்தியது. பொருத்தனை பண்ணினவன், கிடா நேர்ந்தவன், தன் கையாலேயே அதன் காலைப் பிடிக்க வேண்டும், எந்தக் காரியத்துக்காக என்று சபைக்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டும். "யாரு கிடாவா இருந்தா என்ன, நானே அறுக்கேன்" என்றார் மாசிலாமணி. உபதேசியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அண்ணாச்சி மெய்யான விசுவாசி" என்றார். அன்றைக்கே ஊர் முழுக்கப் பரவிவிட்டது, மாசிலாமணி மன்னித்துவிட்டார், மாசிலாமணிக்கு எவ்வளவு பெரிய மனசு. மன்னிப்பாம் மண்ணாங்கட்டியாம். ஒரு முழ தூரத்தில், கையில் கத்தியோடு, அவன் இரண்டு கையும் ஆட்டுக்காலில் மாட்டிக்கொண்டு இருக்கும்படி, அவனோடு உட்காருகிற வாய்ப்பு வேறு எந்த நாளில் கிடைக்கும்? இது உபதேசியாருக்கு எங்கே தெரியப்போகிறது.

சற்று முன்னால் அவன் சொன்னானே, சபைக்கு முன்னால். "எனக்கு வந்த ஒரு இக்கட்டுல இருந்து ஆண்டவர் என்னைய விடுவிச்சாரு, அதுக்காவ." இக்கட்டு! ஏல, என் மகன் உனக்கு இக்கட்டா? பத்து மாசம் சுமந்து ஒருத்தி பெற்றது இக்கட்டா? முருங்கைத் தோட்டத்துக்கு நடுவே போகிற வண்டிப்பாதையை இவன் வேலி போட்டு அடைத்தான், மகன் ரூபன் போய்க் கேட்டான், அவ்வளவுதானே விஷயம். ரூபனுக்கு அவன் அண்ணன் முறை. "அண்ணே, எல்லாரும் நடக்குற பாதைய அடச்சா எப்படி?" என்றுதான் கேட்டானாம், அண்ணே என்றுதான் கூப்பிட்டானாம். மறுநாள் பஸ் நிறுத்தத்தில், பட்டப்பகலில். முதல் வெட்டைக் கையால் தடுத்திருக்கிறான், வலது கையில் இரண்டு விரல் இல்லை. அந்த விரல்களைத் தேடி மாசிலாமணி மணலில் தவழ்ந்தார். அதை எவனாவது கோர்ட்டில் கேட்டானா? தேரிக்காட்டு மண் செக்கச் செவேலென்று கிடக்கிறது, அதில் எது ரத்தம், எது மண். இன்ஸ்பெக்டர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, இம்புட்டு வெட்டு விழுந்துருக்கு, ரத்தத்தையே காணோம்" என்றார். இந்த மண் குடித்துவிட்டது ஐயா. வேற ஊர் மண்ணாக இருந்தால் கறையாவது நின்றிருக்கும். ஆஸ்பத்திரியில் அறுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோது நெஞ்சிலிருந்து அடிவயிறு வரைக்கும் சாக்குத் தைத்த மாதிரி தைத்திருந்தார்கள். இத்தனை ஆடு அறுத்திருக்கிறேன், ஒரு ஆட்டை இப்படிக் கேவலமாக நான் தைத்திருப்பேனா என்று அப்போது ஒரு நினைப்பு ஓடியது மனுஷனுக்கு. அந்த நினைப்புக்காக அன்றைக்கு ராத்திரி தலையைச் சுவரில் மோதிக்கொண்டார்.

"மும்பையிலும் துபாயிலும் இருக்கிற எங்கள் பிள்ளைகளை நினைத்தருளும்." ஆட்டின் வயிறு ஏறி ஏறி இறங்குகிறது. அது மாசிலாமணியைப் பார்க்கவே இல்லை, வெங்காயத் தோலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் டீக்கடை தாசன், இஞ்சி தோல் சீவிக்கொண்டிருந்தவன், அவனும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைக்கிறான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான், டீ ஆற்றிக்கொண்டே பார்த்தவன். கூண்டில் ஏறி வேதத்தின்மேல் கையை வைத்துவிட்டு, "நான் அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னேன் ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். அதற்கப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது, சந்தேகத்தின் பலன். சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. ஜட்ஜ் இருமிக்கொண்டே வாசித்தார். மாசிலாமணிக்கு அந்த வார்த்தை தொண்டையில் மீன் முள் மாதிரி மாட்டிக்கொண்டது, இன்றைக்கு வரைக்கும் இறங்கவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சந்தேகத்தின் பலன் அவனுக்கு என்றால் எனக்கு என்ன? எனக்குத்தான் சந்தேகமே இல்லையே. ரூபனை மண்ணுக்குள் வைத்த அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில், எல்லாரும் போனபிறகு, மாசிலாமணி சொன்னார்: ஆண்டவரே, நான் அரிவாள் எடுக்கமாட்டேன். பழி தீர்க்கிறது உம்ம வேலை, எங்க வேலை இல்லன்னு நீரே சொல்லியிருக்கீர். உம்ம வேலைய நீர் செய்யும். அவனுக்குத் தீர்ப்பு வரட்டும், பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு ஒரு கிடா தாரேன். அன்னக்கனியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அப்போதே ஒரு குட்டியை வாங்கிவந்து கட்டினார், கருகருவென்று, ஒரு காது மட்டும் வெள்ளை. அவள் அதற்குக் கருப்பன் என்று பேர் வைத்தாள். சாட்சி விசாரணை நடந்துகொண்டே இருந்தது, கருப்பன் வளர்ந்துகொண்டே இருந்தான். இப்போது அவனுக்குத் தாடி நரைக்காத குறை. வெட்டினால் கறி வேகாது, அவ்வளவு முற்றல். விடுதலை என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது கொட்டகையிலிருந்து அது இவரைப் பார்த்துக் கத்தியது. அன்றைக்கு அதை உதைத்தார், வாயில்லா ஜீவனைப் போட்டு உதைத்தார்.

அவனும் ஜெயிலுக்குள் உட்கார்ந்துகொண்டு பொருத்தனை பண்ணியிருக்கிறான், வெளியே வந்தால் கிடா என்று. ஒரே ஆண்டவரிடம், ஒரே அசனத்துக்கு. ஆண்டவரே, இரண்டும் வந்து சேர்ந்ததா உம்மிடத்தில்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீரா? பார்த்துவிட்டு அவன் கிடாதான் நல்லா இருக்கு என்றீரா? உபதேசியார் இப்போது, "நீதியுள்ள நியாயாதிபதியே" என்கிறார். கேட்டதும் மாசிலாமணிக்கு இருமல்கார ஜட்ஜ் முகம்தான் வருகிறது, வேறு முகம் வரமாட்டேன் என்கிறது, எவ்வளவு முயன்றாலும். கத்திப்பிடி வியர்வையில் வழுக்கியது. பிடியை மாற்றிக்கொண்டார். மாற்றும்போது கத்தி முனை தானாகத் திரும்பி அவன் பக்கம் பார்த்தது. இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும். உபதேசியார் இப்போது ஆஸ்பத்திரியும் துபாயும் முடித்துப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளிடம் வந்துவிட்டார், அடுத்தது மழை, அடுத்தது அரசாங்கம், அதற்கப்புறம் ஆமென். மழைக்குள் செய்துவிட வேண்டும். முதலில் இடது கையால் முடியைப் பிடிக்க வேண்டும், முடி கட்டையாக வெட்டியிருக்கிறான், பிடி கிடைக்காது, அப்படியானால் காதைப் பிடிக்க வேண்டும். இந்தக் காதை ஒரு தடவை பிடித்திருக்கிறேன். ஆமாம், கிறிஸ்துமஸ் பவனியில், சின்னப் பயலாக இருக்கும்போது, கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று அழுதான், தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன், என் தலைமயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெரியப்பா அந்தா நட்சத்திரம், பெரியப்பா அந்தா ஒட்டகம் என்று கத்தினான். இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தவனைக் காதைத் திருகி இறக்கினேன். சே, இது எதற்கு இப்போது. இந்த மனசு இருக்கிறதே, வேண்டும்போது ஒன்றைக் கொடுக்காது, வேண்டாத நேரத்தில் மூட்டை மூட்டையாக அவிழ்க்கும். நெற்றியைப் பார், நெற்றியை. அதில் ஒன்றும் இல்லையே.

நெற்றியில் ஏன் பார்த்தோம் என்று அதற்கப்புறம்தான் மாசிலாமணிக்கு உறைத்தது. உலகத்தில் முதல் கொலை, தம்பியை அடித்துக் கொன்ற அண்ணன், அவனை யாரும் தொட்டுவிடாதபடி ஆண்டவர் அவன்மேல் அடையாளம் போட்டு அனுப்பின கதை. எத்தனை ராத்திரி அந்தக் கதையோடு மல்லுக்கு நின்றிருப்பார். கொன்றவனுக்கு எதற்குக் காவல்? செத்தவனுக்கு இல்லாத காவல் கொன்றவனுக்கு எதற்கு? மண்ணிலிருந்து தம்பியின் ரத்தம் கூப்பிடுகிறது, கேட்கிறது என்றும் சொல்லுகிறீர், கேட்டுவிட்டு அண்ணன்காரனுக்குப் பாதுகாப்பும் கொடுக்கிறீர், என்ன நியாயம் ஐயா இது? அந்தக் கதையை அவருக்கு முதலில் சொன்னது ஞாயிறு பள்ளி சாராள் டீச்சர். பெரிய படம் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு கல் பீடம். தம்பியின் காணிக்கையிலிருந்து புகை நேராக மேலே போகிறது. அண்ணன் வைத்ததில் புகை எழும்பாமல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது. "டீச்சர், அவன் புகை மட்டும் ஏன் மேல போகல?" என்று கேட்டதற்கு, "ஆண்டவரக் கேள்வி கேக்காதல" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ரூபன் செத்ததிலிருந்து அந்தப் படத்தில் அண்ணன்காரன் முகம் ஜெபசிங் முகம்தான். கோர்ட்டுக்கு நடந்த காலம் முழுக்க, ராத்திரியெல்லாம், ஜெபசிங் முகத்தை அங்கே ஒட்டவைத்துத்தான் மாசிலாமணி படுத்தார்.

"தகப்பனே, உம்முடைய மகன் ஜெபசிங் கொண்டுவந்த இந்தக் காணிக்கையை நீர் அங்கீகரித்தீரே, அதற்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றார் உபதேசியார். மழைக்கு முன்னாலேயே கிடாய்க்கு வந்துவிட்டார், இன்றைக்கு வரிசையை மாற்றிவிட்டார். அங்கீகரித்தீரே. மாசிலாமணிக்குக் காது அடைத்தது. அங்கீகரித்தீரே என்றால்? புகை மேலே போனது என்றுதானே அர்த்தம். இவனுடைய புகை மேலே போயிற்று. அப்படியானால் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது யாருடைய புகை? என்னுடையது. வீட்டுக் கொட்டகையில் காது வெளுத்து நிற்கிறதே, அதுதான். காணிக்கை ஏற்கப்படாமல் முகம் தொங்கிப்போய், வயிறு எரிந்து, கையில் ஆயுதத்தோடு நிற்கிறவன் எவன் அந்தப் படத்தில்? அடப்பாவி. அது இவன் முகம் இல்லை. ஐயோ, அது இவன் முகமே இல்லை. இத்தனை நாள் வேறொருத்தன் முகத்தை அங்கே ஒட்டிவைத்துக்கொண்டு, என் உடம்பைத்தான் நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆண்டவரே, இதுதானா? மகனையும் கொடுத்து, கேஸையும் தோற்று, கடைசியில் என்னை அவனாகவே ஆக்கிப் பார்க்கணுமா உமக்கு? இந்த இடத்துக்குக் கொண்டுவந்து உட்காரவைத்துக் கையில் கத்தியைக் கொடுத்தது யாரு, நீரா, நானா? இப்போதுகூட முடியும். படம் கிடக்கிறது படம், சாராள் டீச்சர் செத்து மண்ணாகிப் போய்விட்டாள், இப்போதுகூட ஒரே இழுப்பு. கத்தி எழும்பியது. எழும்பினதை மாசிலாமணி வேறொருத்தன் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்த அண்ணன்காரனைக்கூட ஆண்டவர் முன்னாலேயே கூப்பிட்டு, பாவம் வாசலில் படுத்துக் கிடக்குது, பார்த்து நட என்று சொல்லித்தானே அனுப்பினார். அவனிடம் சொன்னார். என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? அன்னக்கனி சொன்னாளே. காலையில் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, கத்தி ஆட்டுக்குத்தானே என்று கேட்டாளே.

அப்போது ஜெபசிங் கண்ணைத் திறந்தான். தலையைத் தூக்கவில்லை, இமையை மட்டும் தூக்கினான். முதலில் கத்தியைப் பார்த்தான், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்தான், பிறகு மாசிலாமணியைப் பார்த்தான். கூச்சல் போட்டிருக்கலாம். கையை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்திருக்கலாம். செய்யவில்லை. ஆட்டுக்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான், நகம் வெளுக்கிற அளவுக்கு. உதடு அசைந்தது, "பெரியப்பா" என்றுதான் அசைந்தது, சத்தம் வரவில்லை. பயந்துதான் வந்திருக்கிறான் பயல். பொருத்தனையைச் செலுத்தாமல்விட்டால் ஆண்டவர் சும்மா விடமாட்டார் என்று ஒரு பயம், செலுத்த வந்தால் மாசிலாமணி கத்திக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று ஒரு பயம். இரண்டையும் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு இந்தப் பயத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறான். அப்படியானால் அவனுக்கும் தெரியும். ஜட்ஜ் விட்டாலும் ஆண்டவர் விடவில்லை என்பது இந்த ஊரில் எவனையும்விட இவனுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் கண் இப்படி ஓடுகிறது. நான் இப்போது இழுத்தால் இவனுக்கு எல்லாம் முடிந்துபோகும். எண்ணெய் வற்றின விளக்கு மாதிரி பொசுக்கென்று முடிந்துபோகும், அவ்வளவு சுலபமாக. அந்த அடையாளம் எதற்கு என்று இத்தனை ராத்திரி கேட்டேனே. இவன் என்னுடையவன், இவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கையை எடு என்று சொல்லுவதற்குத்தானா? சரி. எடுத்துக்கொள்ளும். ஆனால் விட்டுவிடாதேயும், கேட்டீரா, விட்டுவிடாதேயும். மாசிலாமணிக்குப் பல் கிட்டிக்கொண்டது. அழுகை இல்லை, அழுகையாக இருந்தால் நல்லது.

"ஆமென்" என்றார் உபதேசியார், எல்லாரும் ஆமென் என்றார்கள். மாசிலாமணி கிடாயின் கழுத்தில் கத்தியை வைத்து இழுத்தார். சுத்தமான அறுப்பு, அதற்குக் கத்தக்கூட நேரமில்லை. கால்கள் உதைத்தன, ஜெபசிங் விடாமல் பிடித்துக்கொண்டான், அவன் பண்டிகைச் சட்டையில் ரத்தம் பீய்ச்சி அடித்தது. மிச்சம் மணலுக்குள் இறங்கியது, இறங்கின இடம் கொஞ்ச நேரத்தில் தெரியவில்லை. கூடியிருந்தவர்கள் மூச்சை விட்டார்கள், அதுவரைக்கும் பிடித்துவைத்திருந்தார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இவர் தோளில் கைவைத்தார். மாசிலாமணி எழுந்திருக்கவில்லை. கத்தியை மணலில் குத்தி உருவித் துடைத்துக்கொண்டு, வெங்காயக்காரிகள் பக்கம் திரும்பி, "அன்னம்" என்று கூப்பிட்டார். "கருப்பன அவுத்துட்டு வா."

அன்னக்கனி எழுந்து நின்றாள். கையில் பாதி உரித்த வெங்காயம். "என்னத்துக்கு?" என்றாள். "நீங்க நேந்த காரியந்தான் நடக்கலியே." ஊர் திரும்பிப் பார்த்தது. "அவுத்துட்டு வாட்டி" என்றார் அவர், கோபமில்லாமல். அவள் போனாள். திரும்பி வருகிறவரைக்கும் விறகு பிளக்கிறவன்கூடக் கோடாலியை எடுக்கவில்லை. கருப்பன் தாடியை ஆட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தும்மிக்கொண்டு, ராஜா மாதிரி நடந்து வந்தது. "இந்தக் கிடாயா? கறி முத்தல்லா அண்ணாச்சி" என்று எவனோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டான். படுக்கவைத்தார். நேர்ந்தவரே அறுக்கிறவராக இருந்தால் கால் பிடிக்க வேறு ஆள் வேண்டும், இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தார்கள், டீக்கடை தாசனும் வந்தான். மாசிலாமணி அவர்களைப் பார்க்கவில்லை. ரத்தச் சட்டையோடு எழுந்து போகப்போனவனைப் பார்த்து, "ஜெபசிங், நீ பிடிடே" என்றார். அவன் உட்கார்ந்தான். கருப்பனின் கால்களைச் சேர்த்துப் பிடித்தான்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். "எந்தக் காரியத்துக்காவன்னு சபைக்கு முன்னால சொல்லணும் அண்ணாச்சி" என்றார்.

"எம் மவன் ரூபன வெட்டுனவனுக்கு ஆண்டவர் குடுக்கப்போற தீர்ப்புக்கு."

தாசன் கையில் ஒட்டியிருந்த இஞ்சித் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அது... அது இன்னும் வரலியே அண்ணாச்சி" என்றார் உபதேசியார்.

"வரும்லா. வருதப்ப நான் இருப்பனோ என்னமோ. அதான் இப்பமே குடுத்துட்டுப் போறேன்." மாசிலாமணி கையிலிருந்த கத்தியை மணலில் வைத்தார், இரண்டு பேருக்கும் நடுவில், பிடி ஜெபசிங் பக்கம் இருக்கும்படி வைத்தார். வைத்துவிட்டு இடது உள்ளங்கையைக் கருப்பனின் வெள்ளைக் காதின்மேல் வைத்துக்கொண்டார், அது சூடாக இருந்தது. "ஜெபம் பண்ணும் உபதேசியாரே" என்றார். "மெதுவாவே பண்ணும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். உபதேசியாரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. கைக்கு அடியில் கிடா நடுங்குவது மாசிலாமணிக்குத் தெரிந்தது, காது, கழுத்து, கால் என்று உடம்பு முழுக்க ஒரே நடுக்கம். அது கிடாயின் நடுக்கமா, காலைப் பிடித்திருந்தவனுடைய நடுக்கமா என்று அவர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.